பழைய லாரியைக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாமா? நாங்கள் போட்ட கணக்கு

ஒரே ஒரு லாரியை வைத்துப் பிழைக்கிற வீட்டில் “வண்டியை மாத்திடலாமா?” என்ற பேச்சு அடிக்கடி வரும். பெரும்பாலும் கையில் பணம் கரைந்த அன்றைக்குத்தான் வரும். கியர் பாக்ஸை இறக்கிய அன்றைக்கு, நடுவழியில் மெயின் ஸ்பிரிங் பட்டை உடைந்த அன்றைக்கு. அந்தக் கோபத்தில் ஷோரூமுக்குப் போனவர்கள் அறுபது மாதக் கடன் தவணையை, அதாவது டியூவை, தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பியதை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். “இன்னும் ஒரு வருஷம் ஓடட்டும்” என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் இரும்பு விலைக்குப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் காவேரிப்பட்டணம். எங்கள் வண்டி ஆறு சக்கரம், 2014-ல் பதிவானது, டி.என்.24. வீட்டுக்காரர் ஓட்டுகிறார், கணக்கு நான் பார்க்கிறேன். மாம்பழ சீசனில் கூழ் டிரம் சென்னைக்கு, மற்ற நாட்களில் ராயக்கோட்டை தக்காளி கேரளாவுக்கு, நடுவில் ஓசூர், பெங்களூர் என்று கிடைக்கிற லோடு. போன வருஷம் முழுக்க இந்த ஒரு கேள்வியோடுதான் இருந்தோம். கணக்குப் போட்டு, அலைந்து, விசாரித்து எடுத்த முடிவு இது. ஒற்றை வண்டிக்காரர்கள் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களை யோசிக்க வைத்தது இன்ஜின் இல்லை, பெர்மிட். மற்ற மாநிலங்களுக்கும் ஓட்டத் தேவையான நேஷனல் பெர்மிட்டுக்கு (என்.பி.) வண்டியின் வயதில் வரம்பு உண்டு. முதல் பதிவு நாளிலிருந்து கணக்கிட்டு, சாதாரண வண்டிக்கு 12 வருஷம், இரண்டு அச்சுக்கு மேல் உள்ள மல்டி ஆக்சில் வண்டிக்கு 15 வருஷம். அதற்கு மேல் இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் என்.பி. கிடையாது. வருஷத்துக்கு 16,500 ரூபாய் கட்டி இந்தியா முழுக்க ஓட்டிய வண்டி, அதன் பிறகு தமிழ்நாட்டுப் பெர்மிட்டோடு நின்றுவிடும். திருச்சி, மதுரைக்காரர்களுக்கு இது பெரிய அடியாக இருக்காது. எங்கள் மாவட்டத்துக்கு இது கழுத்துக்கு வரும் விஷயம். ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அந்தப் பக்கம் குப்பம், எந்தத் திசையில் போனாலும் கொஞ்ச நேரத்தில் அடுத்த மாநிலம் வந்துவிடுகிறது. எங்கள் வாடகையில் பாதிக்கு மேல் எல்லை தாண்டி வருகிறது.

அதனால் என் யோசனை இதுதான்: வண்டியை மாற்றுவதா என்று யோசிக்கிறவர்கள் முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பதிவு நாளைப் பாருங்கள். என்.பி. எப்போது முடியும், அடுத்த எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எப்போது, இன்சூரன்ஸ் எப்போது என்று மூன்று தேதியையும் ஒரே தாளில் எழுதுங்கள். வண்டி எட்டு வருஷம் தாண்டிவிட்டால் எஃப்.சி. வருஷா வருஷம். அதற்கு முன்னால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு எஃப்.சி.-க்கும் பெயிண்ட், டிங்கர் வேலை, ஸ்டிக்கர், வண்டி பட்டறையில் நிற்கிற நாட்கள் என்று ஆகும் செலவு கட்டணத்தைவிடப் பெரிது. இந்த மூன்று தேதியும்தான் எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று சொல்லும்.

அவகாசம் தெரிந்த பிறகு நோட்டை எடுத்தேன். பழைய வண்டிக்கு ஆகும் செலவை நாம் எப்போதுமே கூட்டித்தான் நினைத்துக்கொள்வோம். ஒரே நாளில் எண்பதாயிரம் போனது மனதில் நிற்கும், நான்கு மாதம் ஒன்றும் போகாதது நிற்காது. இரண்டு வருஷத்துச் செலவைக் கூட்டி மாதத்துக்கு வகுத்தால் ரிப்பேர், டயர் தவிர்த்த சாமான், எஃப்.சி. வேலை எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 12,000 வந்தது. நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

அடுத்தது டீசல். எங்கள் பழைய வண்டி லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுத்தது. புதிய பி.எஸ்.-6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) ஆறு சக்கரம் ஓட்டுகிற தெரிந்தவர்களிடம் கேட்டால் 6 என்றார்கள். சரி, ஒரு கிலோமீட்டர் கூட வரும் என்றே வைப்போம். மாதம் சராசரியாக 4,500 கிலோமீட்டர் ஓடுகிறோம். பழையதுக்கு 900 லிட்டர், புதியதுக்கு 750 லிட்டர். 150 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்றால் 13,800. ஆனால் பி.எஸ்.-6 வண்டிக்கு டீசலோடு டி.இ.எஃப். என்ற யூரியா கரைசலும் ஊற்ற வேண்டும். டீசலில் நூற்றுக்கு நாலைந்து பங்கு அது குடிக்கும். அதற்கு மாதம் 2,000 கழித்தால் நிற்பது 11,800.

ரிப்பேரில் மாதம் 8,000 மிச்சமாகும் என்று வைத்தேன். புது வண்டிக்கும் சர்வீஸ் செலவு இருக்கிறது. ஆக மொத்தம் மாதம் 20,000 ரூபாய் அளவுக்கு லாபம். இதுதான் வண்டியை மாற்றுவதால் வரும் உறுதியான பணம்.

இப்போது எதிர்ப்பக்கம். புது வண்டி பாடி கட்டி, பதிவு செய்து, இன்சூரன்ஸ் போட்டு ரோட்டுக்கு வர 27 லட்சம் என்றார்கள். 5 லட்சம் நாம் போட்டு 22 லட்சம் கடன் வாங்கினால், 10.5 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு மாத டியூ 47,300 வரும். 20,000 மிச்சம் போக 27,000 ரூபாய் மாதாமாதம் கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும். ஜூன் மாதத்தில் அது பெரிய காரியமில்லை. தக்காளி விலை படுத்து, மண்டியில் வண்டிகள் வரிசையில் நிற்கிற மாதத்தில் எங்கிருந்து வரும்? நல்ல மாதத்தை வைத்து யார் கணக்குப் போட்டாலும் டியூ கட்ட முடிகிற மாதிரிதான் தெரியும். வருஷத்திலேயே மோசமான மூன்று மாதத்தை எடுத்து, அந்த வருமானத்தில் டியூ போகுமா என்று பார்க்க வேண்டும். எங்களுக்குப் போகவில்லை.

கிலோமீட்டர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மாதம் 9,000 ஓடுகிறவருக்கு டீசல் மிச்சம் மட்டுமே 23,000-க்கு மேல் வரும். அவருக்குப் புது வண்டி சரி. மாதம் 2,500 ஓடுகிறவருக்கு 7,000 கூட வராது. பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார் என்று நாம் எடுப்பதில் அர்த்தமில்லை, அவர் ஓடுகிற தூரம் வேறு.

பாரம் என்ற கணக்கும் இருக்கிறது. 2018-ல் ஆக்சில் பாரத்தை மத்திய அரசு உயர்த்தியது. முன்பு ஆறு சக்கரத்துக்கு வண்டி எடையும் சேர்த்து 16.2 டன். இப்போது வருகிற வண்டிகள் 18.5 டன். வண்டியின் சொந்த எடை கொஞ்சம் கூடியிருப்பதைக் கழித்தாலும் இரண்டு டன் அளவுக்குச் சட்டப்படியே கூட ஏற்றலாம். டன்னுக்கு ஆயிரம் ரூபாய் வாடகை என்றாலும் லோடுக்கு 2,000 கூடும். பழைய வண்டியில் அந்த இரண்டு டன்னைத் திருட்டுத்தனமாக ஏற்றினால், 2019 சட்டத் திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஆனால் நம் லோடுகள் டன் வாடகையா, வண்டி வாடகையா என்று பார்க்க வேண்டும். எங்களுக்குக் கூழ் லோடு டன் கணக்கு. தக்காளி பெட்டிக் கணக்கு, பாடி நிறைந்தால் அவ்வளவுதான், எடை ஏறுவதில்லை. அதனால் பாதி லோடுகளுக்குத்தான் இந்த லாபத்தைச் சேர்த்தேன்.

இன்சூரன்ஸில் ஒரு ஆறுதல். லாரிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மொத்த எடையை வைத்து வருகிறது. 12 டன்னிலிருந்து 20 டன் வரை ஒரே படி, 2022-ல் நிர்ணயித்தது 35,313 ரூபாய். 16.2-ஆக இருந்தாலும் 18.5-ஆக இருந்தாலும் அது மாறாது. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம்தான் வண்டி மதிப்போடு ஏறும்.

ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் பற்றிக் கேட்டோம். எங்கள் வண்டிக்கு 4.5 லட்சம், அதற்கு மேல் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 50,000 என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். “தம்பி, பழைய வண்டியே இல்லாம, வெறும் கையோட வந்தா புது வண்டிக்கு எவ்வளவு குறைப்பீங்க?” அந்தப் பையன் மேனேஜரிடம் போய்விட்டு வந்து 60,000 குறைக்கலாம் என்றான். எக்ஸ்சேஞ்சில் வந்தால் அந்தக் குறைப்பு கிடையாது. அப்படியானால் போனஸ் என்று கொடுப்பது வேறு பெயரில் வருகிற தள்ளுபடிதான், எங்கள் வண்டிக்கான உண்மை விலை 4.4 லட்சம். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களும் அதை வாங்கி ஒரு புரோக்கரிடம்தான் தள்ள வேண்டும். ஆனால் எக்ஸ்சேஞ்சுக்குப் போகிற யாரும் இரண்டு விலையையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

புது வண்டியை பாடி இல்லாத வெறும் சேஸாக எடுத்து நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ பாடி கட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடன் பணம் ஷோரூமுக்குப் போன நாளிலிருந்து வட்டி ஓடும். பாடி முடிந்து, பதிவாகி, பெர்மிட் வந்து முதல் லோடு ஏறுவதற்குள் முதல் டியூ வந்துவிடும். பழைய வண்டியையும் அதற்குள் கொடுத்துவிட்டால் அந்த இடைவெளியில் வீட்டில் வருமானமே இருக்காது. இரண்டு மாத டியூவைத் தனியாக எடுத்து வைக்காமல் புது சேஸ் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நாங்கள் விசாரித்துக்கொண்டிருந்தபோதே 2025 செப்டம்பர் 22 முதல் லாரிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. வரியோடு 24 லட்சம் இருந்த வண்டி 22 லட்சத்துச் சொச்சத்துக்கு வந்தது. எல்லோரும் “இப்ப எடுத்துடுங்க” என்றார்கள். ஆனால் அதே வாரத்தில் புரோக்கர்கள் எங்கள் பழைய வண்டிக்குக் கேட்ட விலையும் இறங்கியது. புதுசு விலை இறங்கினால் பழசும் கூடவே இறங்கும். மாற்றுகிறவருக்கு முக்கியம் இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான். நம் வண்டி 4.5 லட்சம், எடுக்கிற வண்டி 24 லட்சம் என்கிற நிலையில் வித்தியாசம் குறைந்தது உண்மை. அதே நேரம் மூன்று நான்கு வருஷ வண்டிகளின் விலை இன்னும் நன்றாக இறங்கியிருந்தது. அங்கேதான் எங்களுக்கு வழி தெரிந்தது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான வண்டிகள் எல்லாம் பி.எஸ்.-6. அப்படி 2022-ல் பதிவான ஒரு ஆறு சக்கரம் 15 லட்சத்துக்குப் பேசி முடிந்தது. என்.பி.-க்கு 2034 வரை வயது இருக்கிறது. 18.5 டன். 10 லட்சம் கடன், நான்கு வருஷம். இங்கே வட்டியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு ஃபைனான்ஸில் “9 சதவீதம்தான்” என்றார்கள், வங்கியில் 14 சதவீதம் என்றார்கள். 9 சதவீதம் என்றது ஃபிளாட் வட்டி, கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும் முழுத் தொகைக்கே போடுவது. 10 லட்சத்துக்கு நான்கு வருஷ வட்டி 3.6 லட்சம், மொத்தம் 13.6 லட்சத்தை 48 மாதத்துக்கு வகுத்தால் டியூ 28,333. வங்கியின் 14 சதவீதம் குறையும் கடனுக்கான வட்டி, அதில் டியூ 27,330. 9 சதவீதம் என்ற கடன்தான் விலை கூடியது! 9 சதவீத ஃபிளாட் என்பது குறையும் வட்டியில் 16 சதவீதத்துக்குச் சமம். சதவீதத்தைக் கேட்காதீர்கள், மாத டியூவைக் கேளுங்கள், அதை மாத எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

27,330-ல் 20,000 மிச்சத்திலிருந்தே போய்விடுகிறது. மீதி 7,000-க்கு அந்த இரண்டு டன் கூடுதல் பாரம் போதும். மோசமான மாதத்திலும் நிற்கக்கூடிய கணக்கு இது.

ஆடிட்டர் ஒருவர், புது வண்டி என்றால் 30 சதவீதத் தேய்மானம் கழிக்கலாம், வரி மிச்சம் என்று சொன்னார். வாடகை லாரிக்கு அந்த விகிதம் உண்மைதான். ஆனால் எங்களைப் போலச் சின்னவர்கள் பெரும்பாலும் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று கணக்குக் காட்டும் முறையில் இருக்கிறோம். அதில் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. வரிக்காக வண்டி வாங்குவது பெரிய கம்பெனிக்காரர்களுக்கு.

இதில் எனக்கு மனசு ஆறாத ஒன்று உண்டு. 2025-ல் புது லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயமாகிவிட்டது. சித்திரை வெயிலில் இன்ஜின் சூடும் சேர்ந்து கேபினுக்குள் உட்கார்ந்து வருகிற மனுஷனைப் பார்த்தால், இரண்டு லட்சம் என்ன, நான்கு லட்சம் கூடப் போனால் போகட்டும் என்றுதான் தோன்றியது. அவரிடமே கேட்டேன். “வெயில் பழகிப் போச்சு. டியூ பாக்கின்னு ஆள் வந்து வீட்டு முன்னாடி நின்னா அது பழகாது” என்றார். ஐம்பது வயதைத் தாண்டி ஓட்டுகிறவர்கள், வைத்தியச் செலவையும் லீவு நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறவர்கள், ஏ.சி. கேபினுக்காகவே புதுசு எடுத்தால் அதில் தவறே இல்லை.

பழையதை விற்ற கதைக்கு வருகிறேன். பட்டறையில் “இன்ஜின் வேலை பண்ணிட்டு வித்தா நல்ல விலை போகும்க்கா” என்றார்கள். ஒன்றரை லட்சம் போட்டால் வாங்குகிறவர் அதற்கு நாற்பதாயிரம்கூடச் சேர்த்துத் தர மாட்டார், அவருக்கு அது தெரியாத வேலை, நம்ப மாட்டார். நாங்கள் செய்தது எஃப்.சி. மட்டும். எஃப்.சி. புதிதாக, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிற வண்டியை வாங்கியவர் மறுநாளே லோடு ஏற்றலாம். அதற்குத்தான் காசு தருகிறார்கள்.

யாரிடம் விற்பது என்பதில்தான் விலை இருக்கிறது. என்.பி. முடியப்போகிற வண்டி, எல்லை தாண்டி ஓடுகிறவருக்குப் பாதி மதிப்புதான். வடக்கே ஓட்டுகிறவர்கள் தொடவே மாட்டார்கள். எங்களுடையதைப் போல வெளி மாநிலத்தில் பதிவான பி.எஸ்.-3 சரக்கு வண்டிகள் டெல்லிக்குள் வர 2025 நவம்பர் 1 முதல் தடை. மாவட்டத்துக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு அந்தக் குறைகள் எதுவும் குறையே கிடையாது. செங்கல், தீவனம், கரும்பு ஓட்டுகிறவர்கள் உண்மையில் பழைய வண்டியைத்தான் தேடுகிறார்கள். பி.எஸ்.-6 வண்டி குறுகிய தூரம் நின்று நின்று ஓடினால் சைலன்சர் போதிய சூடாகாமல், உள்ளே இருக்கிற டி.பி.எஃப். வடிகட்டியில் புகைக்கரி அடைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் இல்லாத பழைய பம்பு, நாசில் வண்டி என்றால் எந்த ஊர்ப் பட்டறையிலும் கை வைக்கலாம். எங்கள் வண்டியை அரூர் பக்கம் கோபாலபுரம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஓட்டுகிறவர் 5.6 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டார். ஷோரூம் கணக்கைவிட ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல்.

வாங்கிய வண்டியைப் பார்க்கப் போனது தருமபுரி பக்கம். காலையில் ஏழு மணிக்கே வருகிறோம், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். எங்கள் மெக்கானிக் அண்ணன் போனதும் பேச்சுக் கொடுக்காமல் நேராகப் போய் இன்ஜின் மேல் கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. அப்புறம்தான் சாவியைக் கேட்டார். சூடான இன்ஜின் எல்லாம் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும், குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும் என்பார். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, அதன் வாயில் மூடியைத் தலைகீழாகச் சும்மா வைத்தார். மூடி லேசாக நடுங்கியது, எகிறவில்லை. பேக் கம்ப்ரஷன் இருந்தால் புகையோடு மூடியைத் தள்ளிவிடுமாம், அப்படியானால் லைனரும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு கீழே படுத்து சேஸ் முழுக்க டார்ச் அடித்தார். பின் பட்டைக் கட்டுக்கு மேலே, சேஸில் வெல்டிங் வைத்து பெயிண்ட் அடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். அதிகப் பாரம் ஏற்றிய வண்டி அங்கேதான் காட்டிக்கொடுக்கும். டி.இ.எஃப். டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். வாயைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் நல்லதாம், ஒழுங்காக ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். சிலர் யூரியா செலவை மிச்சம் பிடிக்க அந்த சிஸ்டத்தையே கட் பண்ணிவிட்டு ஓட்டுவார்கள், அப்படிப்பட்ட வண்டியில் டேங்க் காய்ந்துபோய் தூசியோடு இருக்கும். அதைத் திரும்பச் சரி செய்வது பெரிய செலவு.

எனக்குப் புதிதாகத் தெரிந்தது ஸ்கேனர். வண்டியின் கம்ப்யூட்டரில் மாட்டினால், இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று வருகிறது. மீட்டரில் காட்டுகிற கிலோமீட்டரை அந்த மணியால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு முப்பதுக்கு மேல் வந்தால் நெடுஞ்சாலை வண்டி. பத்து பன்னிரண்டு என்று வந்தால், ஒன்று வண்டி நின்ற இடத்திலேயே வெகுநேரம் ஓடியிருக்க வேண்டும், அல்லது மீட்டரில் யாரோ கை வைத்திருக்க வேண்டும்.

கடைசிச் சோதனை கணவாய். தொப்பூரில் இறங்கித் திரும்பி ஏற்றிப் பார்ப்போம் என்றார் வீட்டுக்காரர். சேலத்திலிருந்து தருமபுரி நோக்கி ஏறும்போது கியர் தானாக நழுவுகிறதா, டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்று தெரிந்துவிடும். இறங்கும்போது புகை வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கலாம். அந்த இறக்கத்தில் நியூட்ரலில் போய் எத்தனை வண்டிகள் மோதியிருக்கின்றன என்பது இந்தப் பக்கம் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். டீசல் மிச்சம் என்று நினைத்துச் செய்கிறார்கள். புது இன்ஜினில் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டால் கம்ப்யூட்டர் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும். உயிரும் போகிறது, டீசலும் போகிறது. டிரைவர் போட்டு ஓட்டுகிறவர்கள் வண்டி மாற்றிய முதல் நாளே இதை உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

பி.எஸ்.-6-க்கு மாறுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. டி.இ.எஃப். தீர்ந்தால் வண்டி இழுவையைக் குறைத்துக்கொள்ளும், லோடோடு மேலுமலை ஏற்றத்தில் அப்படி ஆனால் பின்னால் கிருஷ்ணகிரி வரை வண்டி நிற்கும். எப்போதும் ஒரு கேன் கேபினில் இருக்கட்டும், பில்லோடு விற்கிற கடையில் வாங்குங்கள், தண்ணீர் கலக்கவே கூடாது. டேஷ்போர்டில் டி.பி.எஃப். விளக்கு எரிந்தால், அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நேரம் கேட்கிறது என்று அர்த்தம். இன்ஜினை அணைக்காமல் நல்ல ரோட்டில் தொடர்ந்து ஓட்டினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். அதை அலட்சியம் செய்து ஓட்டினால் கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

பேப்பர் வேலையில் நான் கொஞ்சம் கறாராகவே இருந்தேன். விற்ற வண்டியின் கடன் ஏற்கெனவே முடிந்திருந்தாலும், ஆர்.சி.-யில் ஹெச்.பி. (ஃபைனான்ஸ்காரரின் கடன் பதிவு) நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபைனான்ஸில் படிவம் 35-ம் என்.ஓ.சி.-யும் வாங்க வேண்டும். பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30. புரோக்கர்கள் “கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க, நாங்க பாத்துக்கறோம்” என்பார்கள். கொடுக்காதீர்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்.சி.-யில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகவே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வாங்குகிறவரையே நேரில் வரச் சொன்னோம். 50,000 ரூபாயைப் பெயர் மாறிய பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்று நாங்களே நிறுத்தி வைத்தோம், அவருக்கும் அதில் சந்தோஷம், வேலை வேகமாக நடந்தது.

வாங்குகிற வண்டிக்கு பரிவாகன் தளத்தில் இ-செலான் பாக்கி பாருங்கள். தமிழ்நாட்டுச் செலான் மட்டும் பார்த்தால் போதாது. இந்தப் பக்கத்து வண்டிகளுக்குக் கர்நாடகச் செலான்தான் அதிகம் விழும். பாக்கி இருந்தால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். விற்ற வண்டியின் ஃபாஸ்டாக்கை அன்றைக்கே மூடுங்கள், இல்லையென்றால் கிருஷ்ணகிரி டோலில் வாங்கியவர் வண்டிக்கு உங்கள் பணம் போகும். இன்சூரன்ஸில் கிளெய்ம் வாங்காமல் சேர்ந்திருக்கிற நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியோடு போகாது. பழைய பாலிசிக் கம்பெனியில் அதற்கான கடிதம் வாங்கி, எடுக்கிற வண்டியின் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். நாங்கள் கேட்ட பிறகுதான் அந்தக் கடிதத்தைக் கொடுத்தார்கள், கேட்காமல் யாரும் சொல்வதில்லை.